எம்ப்ளாயர் பிராண்டு: சொல் விளக்கம்

ஒரு நிறுவனத்தில் வேலை பார்ப்பது எப்படியிருக்கும் என்று, அங்கே இருப்பவர்களும் அங்கே சேர நினைப்பவர்களும் கொண்டிருக்கும் எண்ணத்தை மனிதவளத் துறையினர் ‘எம்ப்ளாயர் பிராண்டு’ என்கிறார்கள். நிறுவனம் விற்கும் பொருளுக்குச் சந்தையில் உள்ள பெயரோடு இதற்கு உறவு உண்டு என்றாலும் இரண்டும் ஒன்றல்ல. ஒரு நிறுவனத்தின் சோப்பை விரும்பி வாங்குபவர் அதன் விற்பனைப் பிரிவில் சேரத் தயங்கலாம். பொதுமக்கள் கேள்விப்பட்டேயிராத ஒரு பம்பு தொழிற்சாலைக்குக் கோவை வட்டாரப் பொறியியல் மாணவர்களிடையே நல்ல பெயர் இருக்கலாம்.

இத்தொடரை ஆய்வுலகில் நிலைநிறுத்தியது, டிம் ஆம்ப்ளரும் சைமன் பாரோவும் சேர்ந்து 1996-இல் ‘ஜர்னல் ஆஃப் பிராண்ட் மேனேஜ்மென்ட்’ இதழில் எழுதிய கட்டுரை. ஆம்ப்ளர் லண்டன் பிசினஸ் ஸ்கூலைச் சேர்ந்தவர். பாரோ நுகர்பொருள் விற்பனையிலும் விளம்பரத்திலும் பணியாற்றிவிட்டு மனிதவள ஆலோசனைக்கு வந்தவர். ஒரு வேலையால் கிடைக்கின்ற, அவ்வேலையைத் தரும் நிறுவனத்தோடு சேர்த்தே அறியப்படுகின்ற, நடைமுறை, பொருளாதார, உளவியல் பயன்களின் தொகுப்பு என்று அவர்கள் இதற்கு வரையறை தந்தார்கள். அதாவது சம்பளம் இத்தொகுப்பில் ஒரு பகுதிதான்; கற்றுக்கொள்ள வாய்ப்பிருக்கிறதா, இன்ன இடத்தில் வேலை பார்க்கிறேன் என்று வெளியே சொல்லிக்கொள்ளும்போது தலை நிமிர்கிறதா என்பனவும் அதில் அடங்கும்.

‘பிராண்டு’ என்பது பழைய ஆங்கிலத்தில் தீயையும் எரிகொள்ளியையும் குறித்த சொல். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் மாட்டின் உடலில் இடும் சூட்டுக்குறிக்கும், பின்னர் சரக்குப் பெட்டியில் இடும் அடையாளத்துக்கும், கடைசியாக வணிகப் பெயருக்கும் அது ஆகிவந்தது. ‘எம்ப்ளாயர்’ என்பதன் வேர், ‘உள்ளே மடித்துப் பிணைத்தல்’ என்று பொருள்படும் இலத்தீன் வினைச்சொல். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. சூட்டுக்குறியை இடுகிறவன் மாட்டின் சொந்தக்காரன். அதனால்தானோ என்னவோ, பல நிறுவனங்கள் இதையும் தாமே இட்டுக்கொள்ளும் அடையாளமாகக் கருதி, சிரித்த முகங்களின் படங்களையும் அலுவலகப் பொங்கல் விழாக் காணொளிகளையும் வெளியிடுவதோடு வேலை முடிந்தது என்று நினைக்கின்றன. உண்மையில் இது விண்ணப்பிப்பவரின் மனத்தில் விழும் குறி. அது பெரும்பாலும் விளம்பரம் அல்லாத இடங்களிலிருந்து விழுகிறது.

அது எப்படி என்பதற்குப் பொருளியலில் ஒரு விளக்கம் உண்டு. மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் வேலைச் சந்தையைப் பற்றி எழுதியபோது, விண்ணப்பிப்பவரின் திறமையை நேரடியாகக் காண முடியாத நிறுவனம் அவருடைய கல்வித் தகுதியைத் திறமையின் அறிகுறியாக எடுத்துக்கொள்கிறது என்றார். 2001-இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசில் இந்தச் சிந்தனைக்குப் பங்குண்டு. ஆள்சேர்ப்பு ஆய்வாளர்கள் அதையே திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். நிறுவனத்தின் உட்புறத்தைப் பார்க்க முடியாத விண்ணப்பதாரர், கண்ணில் படுகிற சிறு சிறு செய்திகளைக் கொண்டு பார்க்க முடியாததை ஊகிக்கிறார். சாரா ரைன்ஸ், ராபர்ட் பிரெட்ஸ், பாரி கெர்ஹார்ட் ஆகியோர் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், வேலை தேடிய மாணவர்கள் பதில் வரத் தாமதமானதையும் நேர்காணல் செய்தவரின் நடத்தையையும் நிறுவனத்தின் குணத்துக்கே சான்றாக எடுத்துக்கொண்டது தெரிந்தது. தாமதத்தால் மனம் மாறியவர்களில் நன்றாகப் படித்தவர்கள் அதிகம். வேறு வாய்ப்பு உள்ளவர்தானே முதலில் எழுந்து போவார்?

2005-இல் டெரெக் சாப்மனும் உடன் ஆய்வாளர்களும் 71 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், வேலையின் தன்மையோடு, ஆளெடுப்பவரின் நடத்தையும் தேர்வு முறை நியாயமானது என்ற எண்ணமும் விண்ணப்பதாரரை ஈர்ப்பதாகத் தெரிந்தது. ஆளெடுப்பவர் ஆணா பெண்ணா என்பது போன்றவை பொருட்படவில்லை. ஆகவே சம்பளத்தைச் சொல்லாத விளம்பரம், தற்குறிப்பைப் படிக்காமலே வந்து உட்காருகிற மேலாளர், பத்து மணிக்கு வரச்சொல்லி மூன்று மணிக்கு அழைக்கிற வாக்-இன், ‘சொல்லி அனுப்புகிறோம்’ என்ற கடைசி வாக்கியம் ஆகிய எல்லாமே நிறுவனம் அறியாமல் செய்துகொள்ளும் விளம்பரங்கள்.

இந்தியத் தகவல் தொழில்நுட்பத் துறையில் எம்ப்ளாயர் பிராண்டைக் கவனிக்க ஒரு தனிக் காரணமும் சேர்கிறது. பழைய நிறுவனத்திலிருந்து விலக 90 நாள் முன்னறிவிப்புக் காலம் என்பது அங்கே பரவலான வழக்கம். ஆஃபர் லெட்டரைக் கையில் வாங்கியவர் அந்த மூன்று மாதத்தில் வேறு நேர்காணல்களுக்கும் போகிறார். சேர வேண்டிய நாளில் வராமலும் போகிறார். மனிதவளத் துறையினர் இதை நன்றிகெட்ட செயலாகப் பேசுவதுண்டு. வளாகத் தேர்வில் எடுத்த மாணவர்களை மாதக்கணக்கில் காத்திருக்க வைத்த நிறுவனங்களைப் பற்றி 2022 முதல் செய்திகள் வந்தபடியிருந்த ஒரு துறையில், அந்தக் குற்றச்சாட்டை ஒரு தரப்பின்மேல் மட்டும் சுமத்துவது பொருந்தாது.

இழப்பு ஆள் கிடைக்காததோடு நிற்பதில்லை. பிரிட்டனில் இணைய, தொலைக்காட்சி இணைப்பு தரும் நிறுவனமான வெர்ஜின் மீடியா, தன்னிடம் விண்ணப்பித்து மனக்கசப்போடு திரும்பியவர்களில் பலர் தன் வாடிக்கையாளர்களே என்று கண்டு, அவர்கள் இணைப்பைத் துண்டித்துக்கொண்டதால் ஆண்டுக்கு 40 இலட்சம் பவுண்டுக்கும் மேல் போனதாகக் கணக்கிட்டது. மறுபுறம், வேலையை அளவுக்கு மீறி மெருகூட்டிக் காட்டினாலும் கேடுதான். ஜான் வானஸ் 1973-இல் தொலைபேசி ஆபரேட்டர்களிடம் செய்த சோதனையில், வேலையின் கடினமான பக்கத்தையும் முன்கூட்டியே காட்டப்பட்டவர்களுக்குச் சேர்ந்த பின் விலகும் எண்ணம் குறைவாக இருந்தது.

இனி, தமிழில் என்ன சொல்வது? ‘முதலாளி’ என்றால் முதல் போட்டவர்; அரசுத் துறையும் அறக்கட்டளை மருத்துவமனையும் வேலை தருகின்றன, அவற்றை முதலாளி என்று சொல்ல முடியாது. இலங்கையில் ஆட்சித் தமிழில் ‘தொழில்தருநர்’ வழங்குகிறது. தமிழ்நாட்டில் தொழில் என்றதும் சொந்தத் தொழிலும் நினைவுக்கு வருவதால் ‘வேலைதருநர்’ என்பது தெளிவு. பிராண்டுக்கு ‘வணிக முத்திரை’ என்று எழுதினால் மீண்டும் சூட்டுக்கோலிடமே போய் நிற்போம். பேச்சு வழக்கில் ‘அந்த கம்பெனிக்கு நல்ல பேரு’ என்பதுதான் மிகப் பொருத்தம். ஆனால் ‘வேலைதருநர் பெயர்’ என்றால் படிவத்தில் நிரப்ப வேண்டிய கட்டமாகிவிடும். ‘நற்பெயர்’ தமிழ்நாட்டுக் கணக்குப்பதிவியல் பாடநூலிலும், ‘நன்மதிப்பு’ இலங்கைக் கணக்கியலிலும் குட்வில் (ஒரு வணிகத்தின் நல்ல பெயரைச் சொத்தாகக் கணக்கிடுவது) என்பதற்கு ஏற்கெனவே போய்விட்டன. ‘பணியிடம்’ என்று தொடங்கினால் காலிப் பணியிடத்தில் முடியும்.

எஞ்சுவது ‘வேலைதருநர் மதிப்பு’. மதித்தல் என்பதற்கு அளவிடுதல், எடைபோடுதல், உயர்வாகக் கருதுதல் என்ற பொருள்கள் உண்டு. அதைச் செய்பவர் எதிரே இருப்பவர் என்பதும் சொல்லிலேயே இருக்கிறது. மதிப்பு உயரும், குறையும், கெடும் என்று எல்லா வினைகளோடும் அது சேரும். ‘எம்ப்ளாயர் பிராண்டிங்’ என்ற செயலுக்கு ‘வேலைதருநர் மதிப்புப் பேணல்’ எனலாம். வாக்கியத்தில்: ‘நேர்காணல் முடிவைச் சொல்லாமல் விட்டதால் அந்நிறுவனத்தின் வேலைதருநர் மதிப்பு கல்லூரிகளில் குறைந்தது.’