அண்டாவைத் திறப்பதற்கு முன் ஒரு போன்

இரவு 11 மணிக்கு மேல் எனக்கு வரும் போன் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும்: "மேடம், 100 பேர் சாப்பிடுற அளவு சாதம் அப்படியே இருக்கு. கை படல. யாருக்காவது கொடுத்துடலாமா?"

மதுரையில் ஒரு மருத்துவமனையில் டயட்டீஷியனாக இருக்கிறேன். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை ஒரு முதியோர் இல்லத்துக்குப் போய், அங்கே இருக்கும் 40 பேருக்கான சாப்பாட்டுப் பட்டியலைப் போட்டுக் கொடுக்கிறேன். அது தெரிந்ததால் சொந்தக்காரர்கள், பழைய நோயாளிகள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலரும் கல்யாண மண்டபத்திலிருந்து கூப்பிடுவார்கள். சோறு குப்பைக்குப் போவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் கூப்பிடுகிறார்கள். அந்த மனசு பெரியது. ஆனாலும் பல நாள் நான் "வேண்டாங்க" என்றுதான் சொல்கிறேன். அந்த நேரத்தில் காரணத்தை விளக்க முடிவதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு ஒருமுறை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வரவேற்பு விருந்தில் மீந்த வெஜிடபிள் பிரியாணியும் தயிர் சாதமும். வண்டி கிடைத்து இல்லத்துக்கு வந்து சேரும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. எல்லோரும் தூங்கியிருந்தார்கள். அண்டாக்களை மூடி சமையலறையிலேயே வைத்துவிட்டு, காலையில் பிரியாணியை ஆவி பறக்கச் சூடு செய்து பரிமாறினார்கள். 11 மணிக்குள் ஒன்பது பேருக்கு வாந்தி. அதில் ஒரு பாட்டி சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தவர். டிரிப்ஸ் ஏற்றி இரண்டு நாள் வைத்திருக்க வேண்டியதாகிவிட்டது. அதே பிரியாணியை முந்தின நாள் இரவு 8 மணிக்குச் சாப்பிட்ட விருந்தாளிகளில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"நல்லா சூடு பண்ணித்தானே கொடுத்தோம்?" என்று சமையல்கார அம்மா அழுதார். அவர் மேல் தப்பே இல்லை. இந்த விஷயம் படித்தவர்களுக்கே தெரிவதில்லை.

அரிசியில் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இயல்பாகவே இருக்கும். சாதம் கொதித்து வெந்தாலும் அந்த வித்துகள் சாவதில்லை. சாதம் மெல்ல ஆறி வெதுவெதுப்பான நிலையில் மணிக்கணக்கில் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி, சாதத்திலேயே ஒரு நச்சை உண்டாக்குகின்றன. மறுபடி சூடு செய்தால் பாக்டீரியா சாகும், நச்சு போகாது. பிரஷர் குக்கரின் சூட்டையும் தாங்கி நிற்கக்கூடிய நச்சு அது. வாசனை மாறாது, நூல் பிடிக்காது, ருசியில் கூடத் தெரியாது. அதனால்தான் "மோந்து பார்த்தேன், நல்லாத்தான் இருக்கு" என்பதை நான் ஏற்றுக்கொள்வதில்லை.

கறிக்குழம்பு, மட்டன் பிரியாணி என்றால் வேறொரு பாக்டீரியா, குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ். இதற்குப் பெரிய பாத்திரம்தான் ரொம்பப் பிடிக்கும். ஆழமான அண்டாவின் நடுப்பகுதி ஆற எத்தனையோ மணி நேரம் ஆகும். மேலே தொட்டால் ஆறியிருக்கும், உள்ளே கைபொறுக்கும் சூட்டில் கிருமி பெருகிக்கொண்டிருக்கும்.

உடனே ஒரு கேள்வி வரும். பழைய சோறு சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்? சரி, நியாயமான கேள்விதான். வீட்டில் மீந்த இரண்டு மூன்று கரண்டிச் சோற்றில் தண்ணீர் ஊற்றுகிறோம். கொஞ்சம் என்பதால் சீக்கிரம் ஆறிவிடுகிறது. இரவு முழுக்க அதில் லாக்டிக் அமில பாக்டீரியா வளர்ந்து சோற்றைப் புளிக்க வைக்கிறது. அந்தப் புளிப்பு கெட்ட கிருமிகள் பெருகுவதைக் கட்டுப்படுத்துகிறது. மூடி போட்ட அண்டாவில் தண்ணீர் இல்லாமல் புழுங்கிக்கொண்டிருக்கும் 20 கிலோ அரிசிச் சாதத்தை இதோடு ஒப்பிடவே முடியாது.

ஆக, கணக்குப் பார்க்க வேண்டியது நேரத்தை. அடுப்பிலிருந்து இறக்கிய நேரத்தை. வரவேற்பு 7 மணிக்கு என்றால் மாஸ்டர் 5 மணிக்கே சாதத்தை வடித்துவிடுவார். கடைசிப் பந்தி 10.30. அதற்குப் பிறகு மீந்தது எவ்வளவு என்று பார்த்து, எனக்குப் போன் செய்து, வண்டி தேடி, இல்லத்துக்கு வரும்போது ஏழு மணி நேரம் ஓடியிருக்கும். சமைத்த உணவு 60 டிகிரிக்கு மேல் சூடாகவோ 5 டிகிரிக்குக் கீழ் குளிராகவோ இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்ததை நான் யாருக்கும் அனுப்பச் சொல்ல மாட்டேன். கல்லூரிப் பையன் ஒருவேளை தாங்கிக்கொள்வான். 80 வயதுக்காரர் வயிறு தாங்காது.

அதனால் கல்யாண வீட்டுக்காரர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். முடிவை முதல் பந்தியிலேயே எடுங்கள். எத்தனை இலை விழுந்தது, கூட்டம் எவ்வளவு வரும் என்று அனுபவமுள்ள காண்டிராக்டருக்கு 8 மணிக்கே தெரிந்துவிடும். "அண்ணே, இந்த ரெண்டு அண்டாவைத் திறக்க வேண்டாம், மூடி தணல்ல வச்சிருங்க, 8.30க்கு அனுப்பிடலாம்" என்று சொல்லிவிட்டால் சோறு சூடு ஆறாமல், பசிக்கிற நேரத்தில் போய்ச் சேரும். மண்டபத்தை பேசி முடிக்கும்போதே, உணவை எடுத்துப்போகும் அமைப்பு ஒன்றுக்கும் தேதியைச் சொல்லி வைத்துவிடலாம். கோவையில் 2014-ல் தொடங்கிய 'நோ ஃபுட் வேஸ்ட்' போன்ற அமைப்புகள் விருந்துகளில் மீந்ததை எடுத்துக்கொண்டுபோய்ப் பசித்தவர்களிடம் சேர்ப்பதையே வேலையாக வைத்திருக்கின்றன. முன்கூட்டியே தெரிந்தால் அவர்களுக்கும் வண்டி, ஆள் ஏற்பாடு செய்யச் சுலபம்.

எதைக் கொடுக்கலாம்? சமையல் கட்டை விட்டு வெளியே போகாத அண்டாவில் இருப்பதை மட்டும். பந்திக்குப் போய்த் திரும்பி வந்த வாளியில் எத்தனை பேர் மூச்சும் கையும் பட்டதோ, அது வேண்டாம். இலையில் விழுந்ததைப் பற்றி நான் சொல்லவே தேவையில்லை. தேங்காய்ச் சட்னி, தேங்காய்ப்பால் சேர்த்தது, மோர்க்குழம்பு, பன்னீர், முட்டை இதெல்லாம் முதலில் கெடுகிறவை. புளியோதரை புளிப்பாலும் எண்ணெயாலும் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கும். பாத்திரத்தின் மேல் ஒரு பேப்பரை ஒட்டி என்ன உணவு, யார் கொடுத்தது, எப்போது சமைத்தது, சைவமா அசைவமா என்று எழுதுங்கள். மீந்த உணவைச் சேகரித்து வழங்குவதற்கென்றே இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-ல் விதிமுறைகள் கொண்டு வந்திருக்கிறது. இப்படி விவரம் எழுதுவதும் அதில் உண்டு. சமைத்த நேரம் தெரியாத உணவை வாங்குகிற இல்லம் கண்ணை மூடிக்கொண்டுதான் பரிமாற வேண்டும்.

அப்புறம் இன்னொரு விஷயம். கெட்டுப்போகாத, சூடான, புத்தம் புதிய உணவே ஆனாலும் அது அந்த உடம்புக்கு ஆகுமா என்று பார்க்க வேண்டும்.

எங்கள் இல்லத்தின் வாசலில் ஒரு வெள்ளைப் பலகை தொங்கும். மாதத்தின் எல்லாத் தேதிகளும் அதில் இருக்கும். எதிரே யார் அன்றைய சாப்பாட்டைக் கொடுக்கிறார்கள் என்று எழுதியிருக்கும். பிறந்தநாள், கல்யாண நாள், அப்பாவின் திதி. தீபாவளிக்கும் ஜனவரி 1-ம் தேதிக்கும் ஒரே வேளைக்கு மூன்று குடும்பங்கள் வந்து நிற்கும். ஜூன் மாதம், ஸ்கூல் ஃபீஸ் கட்டும் மாதம் என்பதால், பலகை பாதி காலியாகக் கிடக்கும். வருகிறவர்கள் எல்லோரும் தங்கள் வீட்டு விசேஷத்தைத்தான் கொண்டு வருகிறார்கள். கேசரி, வடை, பாயசம், பூரி. 40 பேரில் பாதிக்கு மேல் சர்க்கரை இருக்கிறவர்கள். பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படுகிற மூன்று பேருக்கு பூரி தொண்டையில் சிக்கும். கொடுக்கிறவர் எதிரே நிற்கும்போது "எனக்கு வேண்டாம்" என்று சொல்ல அவர்களுக்குக் கூச்சம். சாப்பிட்டுவிடுவார்கள். மறுநாள் காலை ரத்தச் சர்க்கரை அளவைப் பார்ப்பது நான்.

அதிகம் தேவைப்படுவதும் அதிகம் கிடைக்காததும் புரதம். வயதானால் தசை கரையும், கால் தடுமாறும், விழுந்தால் இடுப்பெலும்பு உடையும். ஒருவருக்கு ஒரு வேளைக்கு 30 கிராம் பருப்பு என்று வைத்தாலே 40 பேருக்கு 1.2 கிலோ வேண்டும். துவரம் பருப்பு, பாசிப்பயறு, சுண்டல், முட்டை, பால் என்று கொடுத்தால் கோடி புண்ணியம். வெளிநாடுகளில் உணவு வங்கி என்கிறார்களே, 1967-ல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் தொடங்கி வைத்தது, அங்கே டப்பாவில் அடைத்த உணவும் உலர்ந்த மளிகையும் கூடக் கொடுப்பார்கள். நாம் சமைத்ததையே கொடுத்துப் பழகியவர்கள். மளிகையாகவும் கொடுக்கலாம். அப்படிக் கொடுக்கும்போது தேதி முடிய இன்னும் இரண்டு மூன்று மாதமாவது இருக்கிற பாக்கெட்டாகப் பாருங்கள். அலமாரியைச் சுத்தம் செய்யும்போது கிடைத்தது வேண்டாம்.

வெள்ள நேரத்தில் பலர் குழந்தைகளுக்கான பால் பவுடர் டப்பாக்களை வாங்கிக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். 1992-ம் ஆண்டுச் சட்டப்படி, தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுக்கும் பால் பவுடரையும் புட்டிகளையும் நினைத்தவர்களுக்கெல்லாம் தானமாகக் கொடுக்க முடியாது. அனாதை இல்லங்களுக்கு விலக்கு உண்டு. சுத்தமான தண்ணீர் கிடைக்காத இடத்தில் கரைத்த பால் பவுடரே குழந்தைக்கு வயிற்றுப்போக்கைக் கொண்டு வந்துவிடும். அந்தப் பணத்தில் தாய்க்குச் சாப்பாடு வாங்கிக் கொடுங்கள்.

போன வருடம் ஒரு அம்மா தன் கணவரின் நினைவு நாளுக்கு முந்தின வாரமே இல்லத்துக்குப் போன் செய்தார். "அவருக்குப் பிடிச்சதுன்னு பால்கோவா கொடுக்கலாம்னு இருக்கேன். அவங்க சாப்பிடலாமா?" என்று கேட்டார். பேசிப் பேசி கடைசியில் அவர் கொண்டு வந்தது அரிசியும் பாசிப்பருப்பும் போட்ட குழைவான வெண்பொங்கல், கொத்சு, ஆளுக்கு ஒரு வேக வைத்த முட்டை. முட்டை சாப்பிடாதவர்களுக்குச் சுண்டல். தானே உட்கார்ந்து, விழுங்கச் சிரமப்படும் ஒரு தாத்தாவுக்குப் பொங்கலைத் தண்ணியாகக் கரைத்து ஸ்பூனில் ஊட்டினார். இந்த வருடப் பலகையில் அந்தத் தேதிக்கு எதிரே அவர் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. ஜூன் மாதத்திலும் இரண்டு நாள் எழுதி வைத்திருக்கிறார்.