வட்டப்புழுவாம்!

மீனிலும் பறவைகளிலும் வாழும் புழுக்களைப் பற்றிய துண்டுப்பிரசுரம் ஒன்று போன கிழமை கைக்கு வந்தது. அரைப் பக்கத்துக்குள் 'வட்டப்புழு' ஆறு தரம். பக்கத்து வீட்டு ஆச்சி கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டு, "உது தோலிலை வட்டமாய் வாற படர்தாமரையே தம்பி?" என்று கேட்டா. ஆச்சியில் பிழையில்லை. படர்தாமரை புழுவே அல்ல, பங்கசு. வட்டம் என்று எழுதினால் தமிழருக்கு அதுதான் நினைவுக்கு வரும்.

சொல்லின் கதை சின்னது. பிரசுரம் சொல்லும் இந்தப் புழுக்களை விலங்கியலார் 'நெமற்றோடா' என்பார்கள். கிரேக்கத்தில் 'நேமா' என்றால் நூல். நூல் போன்றது என்ற பொருளில் 1808இல் ருடோல்பி என்ற அறிஞர் இந்தக் கூட்டத்துக்குப் பெயர் வைத்தார். ஆங்கிலப் பேச்சுவழக்கோ உடலின் திரட்சியைப் பார்த்து 'ரவுண்ட்' புழு (roundworm) என்றது. தட்டையான நாடாப்புழுவிலிருந்து பிரித்துக் காட்டத்தான் அந்த அடை.

அங்கேதான் எங்கள் மொழிபெயர்ப்பாளர் வழுக்கி விழுந்தார். ஆங்கிலத்துக்கு எல்லாம் ஒரே 'ரவுண்ட்'. எங்களுக்குத் தோசை வட்டம், கொழுக்கட்டை உருண்டை, உலக்கை உருளை. உலக்கையை வட்டம் என்று சொல்லும் தமிழர் யாராவது உண்டா? அகராதியில் முதலாவதாகக் கிடந்த சொல்லை எடுத்து ஒட்டினால் இப்படித்தான். இன்னொரு வேடிக்கை: மண்புழுவின் உடலில் நெடுக்குத்தசையும் உண்டு, வட்டத்தசையும் உண்டு. இந்தப் புழுக்களுக்கு நெடுக்குத்தசை மட்டுந்தான். வட்டத்தசையே இல்லாததற்குப் பெயர் வட்டப்புழு!

"மீன் வயிற்றிலை வட்டமாய்ச் சுருண்டுதானே கிடக்குது" என்று ஒரு வாத்தியார் என்னோடு வாதாடினார். உண்மை, அனிசாக்கிசு என்ற இனத்தின் குடம்பி, அதாவது இளம்புழு, மீனின் உடலறையில் கடிகாரச் சுருள்வில் போலத்தான் கிடக்கும். வளர்ந்த பருவத்தில் அது வாழ்வது திமிங்கிலம், ஓங்கில் போன்றவற்றின் இரைப்பையில். நாய்கூடச் சுருண்டுதான் படுக்கிறது, அதை வட்டநாய் என்கிறோமா? (மீனை ஒடியற்கூழில் கொதிக்கவிட்டு உண்கிற எங்களுக்கு இதனால் பெரிய பயமில்லை, பச்சையாய்த் தின்கிறவர்களுக்குத்தான் வயிற்றுவலி.)

'உருளைப்புழு' பரவாயில்லை, பொய் சொல்லவில்லை. ஆனால் மண்புழுவும் உருளைதானே? என் வாக்கு 'நூற்புழு'வுக்கு. மூலப்பெயரின் பொருளும் அதுவே. தக்காளி, புகையிலை வேரில் முடிச்சுப் போடுவதை வேர்முடிச்சு நூற்புழு என்று விவசாயத்தில் ஏற்கெனவே எழுதுகிறார்கள். கூழைக்கடா, நீர்க்காகம் ஆகியவற்றின் இரைப்பையில் இருப்பதும் அதே கூட்டந்தான். பிள்ளைகளின் குடலில் வருகிற சின்னப் புழுவையும் நூற்புழு என்கிறார்களே என்று தடை சொல்வார்கள். அதற்கு ஊசிப்புழு என்ற பெயரும் இருக்கிறது, அதைக் கொடுத்துவிடலாம். திமிங்கிலத்துள் எட்டு மீற்றருக்கு மேல் நீள்கிற இனமும் உண்டு. அதுவும் நூல்தான், நீள நூல்.

'கிருமி'க்கும் இதே கதிதான். சமஸ்கிருதத்தில் அது புழு; இன்று கண்ணுக்குத் தெரியாததெல்லாம் கிருமி. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேனாட்டு வைத்தியத்தைத் தமிழில் படிப்பிக்கச் சொல் தேடி மானிப்பாயில் மல்லுக்கட்டினார். வந்த பிறத்தியாருக்கு இருந்த பொறுமையில் கால்வாசி எங்களுக்கு இருந்தாலே போதும்.

அதே பிரசுரத்தில் புழு குடியிருக்கும் பறவைக்கு 'விருந்து வழங்கி' என்று பெயர். பாடப்புத்தகச் சொல்தான், தெரியும். கூழைக்கடா எந்தப் புழுவை வெற்றிலை வைத்து அழைத்ததாம்?