எலி முதுகில் மனிதத் தோல்: ஒட்டு நிராகரிப்பைக் கண்ணால் பார்க்கும் வழி

ஒருவரின் தோலை இன்னொருவருக்கு ஒட்டினால், மருந்து எதுவும் தராத நிலையில், ஒன்றிரண்டு வாரங்களில் அது கறுத்துக் கழன்றுவிடும். இதைச் செய்வது நோயெதிர்ப்பு மண்டலம்தான் என்பதை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் முயல்களைக் கொண்டு நிறுவியவர் பிரிட்டனின் பீட்டர் மெடாவர். அதன்பின் பல பத்தாண்டுகள் எலிக்கு எலித்தோல் ஒட்டியே இத்துறை வளர்ந்தது. சிக்கல் என்னவென்றால், எலியில் ஒட்டைக் காப்பாற்றிய பல சிகிச்சைகள் மனிதரிடம் எடுபடவில்லை.

முக்கியமான காரணங்கள் இரண்டு. மனித ரத்தக்குழாயின் உட்சுவரில் இருக்கும் எண்டோதீலியச் செல்கள், ஒருவரின் அடையாள அட்டை போன்ற எச்எல்ஏ புரதங்களில் இரண்டாம் வகையைச் சும்மா இருக்கும்போதே தாங்கி நிற்கின்றன. எலியின் செல்களில் அப்படியில்லை. அடுத்து, வளர்ந்த மனிதரின் ரத்தத்தில் பழைய தொற்றுகளைக் கண்டு பழகிய நினைவு டி செல்கள் (அந்நியத்தைத் தாக்கும் ஒருவகை வெள்ளணுக்கள்) ஏராளம். கிருமியில்லாத கூண்டில் வளர்ந்த ஆய்வக எலிக்கு அவை மிகக் குறைவு. ஆக, மனிதத் தோலின் நுண்குழாய்களை மனித நினைவு டி செல்கள் எப்படித் தாக்குகின்றன என்று பார்க்க, இரண்டையும் சுமக்கிற, இரண்டையும் எதிர்க்காத உடல் ஒன்று வேண்டும்.

அந்த உடல் படிப்படியாகக் கிடைத்தது. 1983-இல் பிலடெல்பியாவில் கண்டறியப்பட்ட ஸ்கிட் எலியில், டிஎன்ஏ முறிவைச் சரிசெய்யும் ஒரு மரபணு பழுதானதால் டி செல்களும், ஆன்டிபாடி சுரக்கும் பி செல்களும் உருவாவதில்லை. ஆனால் அந்நியச் செல்களைக் கொல்லும் என்கே செல்கள் மிச்சம். வயதாக ஆகச் சில எலிகளில் டி, பி செல்களும் தலைகாட்டும். 2005-இல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகம் வெளியிட்ட என்எஸ்ஜி எலியில் மூன்று குறைகள் ஒன்றுசேர்ந்தன: நாட் இன எலியின் பின்னணி, ஸ்கிட் பழுது, ஐஎல்-2 என்ற சமிக்ஞைப் புரதத்தின் ஏற்பியில் உள்ள காமா சங்கிலியின் நீக்கம். காமா போனதால் என்கே செல்களுக்குத் தேவையான ஐஎல்-15 சமிக்ஞை போய், என்கே செல்களும் இல்லை. நாட் பின்னணியின் பயன் வேறு. அதன் விழுங்குசெல்களில் உள்ள சிர்ப்-ஆல்ஃபா, மனிதச் செல்லின் சிடி47 புரதத்தோடு நன்றாகப் பொருந்தி, ‘விழுங்காதே’ என்ற கட்டளையை ஏற்றுக்கொள்கிறது.

தோல் பெரும்பாலும் வயிற்றுச் சதை குறைப்பு அறுவையில் அகற்றப்பட்டதாக இருக்கும். கொடுப்பவரின் ஒப்புதலோடு வாங்கப்படுகிறது. டெர்மடோம் கருவியால் சுமார் அரை மில்லிமீட்டர் தடிப்பில் சீவுவார்கள். கொழுப்பு ஒட்டியிருந்தால் ரத்தம் ஏறாது, ஒட்டு அடியிலேயே செத்துவிடும். எலியை ஐசோஃப்ளுரேன் மயக்கத்தில், வெப்பத்திண்டின் மேல் கிடத்தி, முதுகு ரோமத்தை மழித்து, ஏறக்குறைய 1 சதுர சென்டிமீட்டர் தோலை அகற்றி, அதே அளவு மனிதத் தோலைப் பதித்து, நுண் தையலாலோ கிளிப்பாலோ பிடிக்க வைக்கிறார்கள். மேலே வாஸ்லின் வலை, அதன்மேல் உடலைச் சுற்றிக் கட்டு. ஒரு வாரம் கழித்துக் கட்டைப் பிரிக்கலாம். கட்டு இறுகினால் எலி மூச்சுத் திணறும். தளர்ந்தால் ஒட்டுக்கு அடியில் ரத்தமோ நீரோ தேங்கி அது தூக்கிக்கொள்ளும்.

இரண்டாம் வாரவாக்கில் ஒட்டின் மேற்பரப்பு கறுத்து, காய்ந்த பொருக்காகும். புதிதாகச் செய்பவர்கள் ஒட்டு போய்விட்டது என்று எலியை ஒதுக்கிவிடுவது இந்த இடத்தில்தான். பொருக்கு தானாக உதிரும்வரை விடவேண்டும். அடியில் இளஞ்சிவப்பாகப் புது மேற்தோல் தெரியும். முழுதாக ஆற 4 முதல் 6 வாரம். இதற்குள் ஒட்டின் மனித நுண்குழாய்கள் எலியின் குழாய்களோடு இணைந்துவிடும். என்எஸ்ஜி எலியில் ஒரு தொல்லை: எலியின் சொந்த நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் ஒட்டுக்குள் புகுந்து அழற்சி உண்டாக்கும். இதற்காக அவற்றை அழிக்கும் ஜிஆர்-1 எதிர்ப்பு ஆன்டிபாடியை வாரம் ஒருமுறை போல, 100 மைக்ரோகிராம் அளவில், வயிற்றறைக்குள் செலுத்துவது வழக்கம்.

பிறகு வேறொருவரின் ரத்தத்திலிருந்து ஃபிகால் கரைசலில் மையவிலக்கு செய்து பிரித்த வெள்ளணுக்களை (பிபிஎம்சி) செலுத்துகிறார்கள்: என்எஸ்ஜி எலிக்கு 50 லட்சம் முதல் 2 கோடி, என்கே செல்கள் மந்தமான, பழைய ஸ்கிட்-பெய்ஜ் எலிக்குப் 10 கோடி அல்லது அதற்கும் மேல். 1 மில்லி ரத்தத்தில் 10–20 லட்சம்தான் தேறும் என்பதால், பத்து எலிக்கு ரத்த வங்கியின் பஃபி கோட் (வெள்ளணுக்கள் திரண்ட படலம்) இல்லாமல் கட்டுப்படியாகாது. தோல் கொடுத்தவர், ரத்தம் கொடுத்தவர் இருவரின் எச்எல்ஏ வகையையும் முன்பே பார்த்து, பொருந்தாத ஜோடியாகத் தேர்வு செய்வது அவசியம். தற்செயலாக ஒத்துப்போனால் மாதக்கணக்கான உழைப்பு வீண்.

நிராகரிப்பை வெறுங்கண்ணால் மட்டும் முடிவு செய்வது ஆபத்து. இரண்டு மூன்று வாரத்தில் ஒட்டை வெட்டியெடுத்து, எண்டோதீலியச் செல்களின் அடையாளப் புரதமான மனித சிடி31-க்குச் சாயமேற்றி, எஞ்சிய மனித நுண்குழாய்களை எண்ணுகிறார்கள். முதலில் அழிவது அவைதான். குழாயைச் சுற்றி சிடி4, சிடி8 வகை டி செல்கள் மொய்த்திருக்கும். மேற்தோல் சிதைவது பெரும்பாலும் அதன் தொடர்ச்சி. கூடவே ரத்தத்தில் மனித சிடி45 செல்களின் (அதாவது மனித வெள்ளணுக்களின்) விகிதத்தையும் பார்க்கவேண்டும். செல்களே குடியேறாத எலியில் ஒட்டு பிழைத்தால், அதை மருந்தின் வெற்றி என்று எழுதிவிடக்கூடாது.

இந்த முறையின் உண்மையான எதிரி கடிகாரம். செலுத்திய மனித டி செல்களுக்கு எலியின் உடலும் அந்நியம்தான், அதையும் தாக்கும். 4 வாரத்துக்குமேல் எலி கூனிக்குறுகி, ரோமம் கலைந்து, எடை இழக்கத் தொடங்கும். எடை 20 சதவீதம் குறைந்தால் கருணைக்கொலை செய்யவேண்டும் என்பது பல ஆய்வகங்களின் விதி. ஆக, பயனுள்ள சாளரம் ஏறக்குறைய மூன்று வாரம். அதற்குள் கிடைக்கும் விடையும் கலப்படமாகலாம்: ஒட்டு சிதைந்தது தோல் அந்நியமானதாலா, எலி நோயுற்றதாலா? செல் செலுத்தாத எலியை ஒப்பிட்டால் போதாது. தோலும் ரத்தமும் ஒரே ஆளிடமிருந்து வந்த எலிக்குழுவும் வேண்டும். இந்தக் குழு இல்லாத ஆய்வை நம்பத் தயக்கமாகவே இருக்கிறது.

ரத்தத்தின் மூலச்செல்களைச் செலுத்திப் புது நோயெதிர்ப்பு மண்டலத்தையே வளர்க்கும் முறையில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் டி செல்கள் உருவாக மூன்று மாதம்போல ஆகும். டி செல்கள் முதிரும் உறுப்பான தைமஸில், அதுவும் எலியின் தைமஸில் பயின்றவை என்பதால் ஒட்டைத் தாக்கும் வேகமும் மந்தம்.

குறுகிய சாளரத்துக்குள்ளும் உருப்படியான வேலை நடந்திருக்கிறது. எச்எல்ஏ-ஏ2 புரதத்தை அடையாளம் காணும்படி மாற்றிய ஒழுங்குபடுத்தும் டி செல்கள் (தாக்குதலை அடக்குபவை), ஏ2 உள்ள மனிதத் தோலை இவ்வகை எலிகளில் காத்தன. பிறகு அதே உத்தி சிறுநீரக மாற்று நோயாளிகளிடம் சோதனைக்குப் போனது. ஆன்டிபாடி வழி நிராகரிப்பைப் பற்றிக் கேட்டால் மட்டும் என்எஸ்ஜி எலியிடம் பதில் இல்லை: அதற்கு ஆன்டிபாடிக்குத் துணைநின்று தாக்கும் காம்ப்ளிமென்ட் புரதங்களில் சி5 என்பதே கிடையாது, செலுத்திய மனித பி செல்களும் அதனுள் நிலைப்பதில்லை.