பாசண்ட் கார்டண்ட்: சிறுத்தை என்று பெயர் வாங்கிய சிங்கம்

இங்கிலாந்து கால்பந்து அணியின் சட்டையில் மூன்று சிங்கங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். ஒரு முன்காலைத் தூக்கி நடக்கின்றன; முகம் மட்டும் நம் பக்கம் திரும்பியிருக்கும். இந்த நிலைக்குத்தான் 'பாசண்ட் கார்டண்ட்' என்று பெயர். 1066-க்குப் பிறகு இங்கிலாந்து அரசவை பேசியது பிரெஞ்சு. அதனால் மன்னர்களின் கேடயச் சின்னங்களை விவரிக்கும் சொற்களும் பிரெஞ்சாகவே தங்கிவிட்டன. பாசண்ட் என்றால் நடக்கின்ற, கார்டண்ட் என்றால் பார்க்கின்ற.

பின்னங்கால் ஊன்றி எழுந்து நிற்கும் சிங்கம் 'ராம்பண்ட்'. ஸ்காட்லாந்தின் சிவப்புச் சிங்கம் அந்த வகை. பழைய பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு ஏறுதல் என்று பொருள்; இன்றைய ஆங்கிலத்தில் கட்டுக்கடங்காமல் பரவும் நோய்க்கும் ஊழலுக்கும் அதே சொல்தான்.

சரி, சிறுத்தை எங்கே வந்தது? இடைக்காலச் சின்ன வல்லுநர்களுக்கு எழுந்து நின்றால்தான் சிங்கம். அதே விலங்கு நடந்தபடி நம்மைப் பார்த்தால் 'லெப்பர்ட்', அதாவது சிறுத்தை. உடம்பில் ஒரு புள்ளிகூட இருக்காது! லியோ என்ற சிங்கமும் பார்டு என்ற விலங்கும் கூடிப் பிறந்ததே லெப்பர்ட் என்பது அக்கால நம்பிக்கை. பெயரே அப்படி ஒட்டியதுதான். 1235-இல் புனித ரோமப் பேரரசர் இரண்டாம் பிரெடரிக், இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஹென்றிக்கு மூன்று லெப்பர்டுகளை அனுப்பினார். மன்னரின் கேடயத்தைப் பார்த்துக் கொடுத்த பரிசு அது. லண்டன் கோபுரத்தின் விலங்குக் கூடத்தில் அவை வளர்ந்தன.

சிங்கம் இங்கிலாந்து அரச குடும்பத்துக்குள் வந்ததற்கு ஒரு பழைய தடயம் உண்டு. மன்னர் முதலாம் ஹென்றி 1128-இல் தம் மருமகன், பிரான்சின் ஆன்ஜூ பகுதியைச் சேர்ந்த ஜெஃப்ரிக்கு வீரப்பட்டம் கொடுத்தபோது, பொற்சிங்கங்கள் தீட்டிய கேடயத்தை அவர் கழுத்தில் மாட்டியதாக வரலாற்றாசிரியர் ஒருவர் பிற்பாடு எழுதினார். ஜெஃப்ரியின் கல்லறையில் இருந்த எனாமல் தகட்டிலும் அப்படியொரு நீலக் கேடயம் இருக்கிறது. ஜெஃப்ரியின் பேரன்தான் மன்னர் முதலாம் ரிச்சர்டு. அவர் 1189-இல் வெட்டிய முத்திரையில் எழுந்து நிற்கும் சிங்கம் ஒன்றுதான் தெரிகிறது; 1198-இன் புது முத்திரையில் நடக்கும் சிங்கங்கள் மூன்று. சிவப்பின்மேல் பொன்னிறமாக அந்த மூன்றும் நிலைத்துவிட்டன. பிரான்சில் அவர்கள் ஆண்ட நார்மண்டிக்கு இரண்டு, அக்விட்டேனுக்கு ஒன்று என்று கூட்டிச் சொல்வது பிற்காலத்துக் கணக்கு. 1340-இல் மூன்றாம் எட்வர்டு பிரெஞ்சு அரியணைக்கும் உரிமை கோரி, கேடயத்தில் பாதி இடத்தைப் பிரெஞ்சு மன்னர்களின் சின்னமான அல்லிப்பூக்களுக்குக் கொடுத்தார்.

தமிழில் எப்படிச் சொல்வது? கேடயச் சின்னம் முழுவதையும் 'மரபுச் சின்னம்' என்கிறோம். அதற்கும் பழைய சொல் ஒன்று நம்மிடம் உண்டு: பொறி. சோழனுக்குப் புலிப்பொறி, பாண்டியனுக்குக் கயற்பொறி என்றால் ஆங்கில மன்னருக்குச் சிங்கப்பொறி. தனியாகப் 'பொறி' என்றால் எலிப்பொறிதான் நினைவுக்கு வரும் என்பதால் விலங்கின் பெயரோடு சேர்த்தே எழுதுவது நல்லது. பாசண்ட் கார்டண்டுக்கு 'முகங்காட்டி நடக்கும் சிங்கம்' என்பேன். ராம்பண்டுக்கு 'எழுந்து நிற்கும் சிங்கம்' போதும். 'அரிமா' என்று எழுதினாலும் தவறில்லை, கொஞ்சம் மேடைவாசம் அடிக்கும். ஆனால் இங்கிலாந்தின் சின்னத்தைப் பற்றிய பழைய பிரெஞ்சுக் குறிப்பில் 'லெப்பர்ட்' என்று வந்தால், அதைச் சிறுத்தை என்று பெயர்த்துவிடாதீர்கள். அங்கே நடப்பது பிடரிமயிர் உள்ள சிங்கம்தான்.