"வயசாச்சு" என்று தள்ளிவிடாதீர்கள்

அம்மாபேட்டையிலிருந்து 62 வயது அம்மாவை மகன் கூட்டி வந்தார். இதே கதையோடு இந்த மாதம் வந்த நான்காவது குடும்பம். "ஒரு வருஷமா மறதி டாக்டர். வயசாச்சுல்ல? ஏதாவது டானிக் எழுதுங்க."

கணவர் இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. தூக்கமில்லை, சோறு இறங்குவதில்லை. தினமும் தறிக்கு நூல் தார் சுற்றியவர் ராட்டையைத் தொடுவதே இல்லை. இதெல்லாம் நான் துருவிக் கேட்ட பிறகுதான் வந்தது.

சாவி, சீப்பு, பேனா மூன்றையும் காட்டி எடுத்து வைத்தேன். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் யோசிக்கக்கூட இல்லை. "தெரியல சாமி, மூளையே போச்சு." சரி, சாவியா பூட்டா? "சாவி." சீப்பா கண்ணாடியா? "சீப்பு." மூன்றும் சரி. மனதில் பதிந்திருக்கிறது, தேடி எடுக்கத்தான் தெம்பில்லை. இது மனச்சோர்வு.

அன்றே ஏற்காட்டிலிருந்து வந்த பெரியவர், "எனக்கென்னங்க மறதி?" என்றார். எந்த வருடம் என்றதும் மகனைத் திரும்பிப் பார்த்தார். அதே சோதனையில் காட்டாத கத்தரிக்கோலைச் சொன்னார். சாவியா பூட்டா என்று கேட்டும் தவறுதான். அது மறதி நோய் (டிமென்ஷியா). அதில் வீட்டார் வந்து முறையிடுவார்கள். மனச்சோர்வில் நோயாளியே சொல்லிச் சொல்லி அழுவார். எல்லோரிடமும் இவ்வளவு தெளிவாகப் பிரியாது, அதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம்.

வயதானால் பெயர் நாக்கு நுனியில் நிற்கும், அப்புறம் வரும். கண்ணாடியை வைத்த இடம் தேடுவோம். அது வயது. போன வருடம் வரை வீட்டுக் கணக்கைப் பார்த்தவருக்குப் பால்காரருக்குக் காசு கொடுத்தது நினைவில்லை என்றால், ஒரே வருடத்தில் இருபது வயதா கூடிவிட்டது? மறதி நோய் போலவே தெரிந்து, மனச்சோர்வு தீர்ந்ததும் தெளிந்தவர்களைப் பற்றி லெஸ்லி கிலோ என்ற மருத்துவர் 1961-லேயே எழுதிவிட்டார். நாம் இன்னும் டானிக் கேட்கிறோம்.

ரத்தத்தில் பி12 வைட்டமின், தைராய்டு பாருங்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரையின் அட்டையை மறைக்காமல் கொண்டு வாருங்கள், அதுவே மறதியைக் கூட்டும். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும். பத்தாம் நாள் நீங்களாக நிறுத்தாதீர்கள். தெளிந்த பிறகும் வந்து காட்டுங்கள், சிலருக்குப் பின்னாளில் மறதி நோய் வருவதுண்டு.

தயவுசெய்து, விருந்தாளி முன்னால் "இது யாரு, சொல்லு பாப்போம்" என்று சோதிக்காதீர்கள். அவர்கள் காது நன்றாகவே கேட்கிறது. கிளம்பும்போது அந்த அம்மாதான் மகனிடம் சொன்னார்: "ரத்தம் குடுக்கணுமாம்டா."

"நான் இருந்து என்ன பண்ண" என்று பேச ஆரம்பித்தால் திங்கட்கிழமைக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே கூட்டி வாருங்கள். இரவானாலும் அரசின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடலாம், காசு கிடையாது.