வெயில் ஒரு சாண் இறங்க எட்டு மணித்தியாலம்

தை மாதத்தில் நுவரெலியாவில் விடியக்காலை எழும்பிப் பார்த்தால் சில நாள் புல்லெல்லாம் சுண்ணாம்பு தெளித்த மாதிரி கிடக்கும். ரேடியோவில் 3 பாகை, 4 பாகை என்பார்கள், இங்கே லீக்ஸ் இலையில் ஐஸ் நிற்கும். ரேடியோக்காரர் சொன்னதும் பொய்யில்லை. வானிலை நிலையத்து வெப்பமானி ஆளின் நெஞ்சு உயரத்தில், பெட்டிக்குள் இருக்கிறது. புல்லோ மேகமில்லாத இரவில் தன் சூட்டை நேராக வானத்துக்குக் கதிராக விட்டுவிட்டு, மேலே உள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோய் 0-க்குக் கீழே இறங்கிவிடும்.

எனக்கு அந்தப் புல்லைவிட அதன் அடியில் இருக்கிற மண்தான் அதிசயம். சின்ன வயதில் இப்படி ஒரு காலையில் அப்பாயி கிழங்கு கிண்டிக்கொண்டிருக்க, கை விறைத்து நான் அழுதேன். "மண்ணுக்குள்ள கைய விடுடா" என்றார். விட்டேன். மேல் மண் மொறுமொறுவென்று உறைந்திருக்க, ஒரு சாண் கீழே கதகதவென்று இருந்தது. பூமிக்குள் நெருப்பு இருக்கிறதல்லவா, அதுதான் காரணம் என்று கனகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். பூமியின் உள்சூடு ஒரு சாண் ஆழத்தில் கைக்குத் தெரியாது. என் கையில் பட்டது பழைய வெயில்.

மண்ணின் ஒவ்வொரு படையும் தனக்கு மேலே இருக்கிறதையும் கீழே இருக்கிறதையும் மட்டும்தான் பார்க்கும். அந்த இரண்டின் சராசரியைவிடத் தான் குளிராக இருந்தால் சூடேறும், கூடுதலாக இருந்தால் ஆறும், வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு வேகம். வெப்பக் கடத்தல் சமன்பாடு என்று பௌதிகவியலில் பயமுறுத்துவது இவ்வளவுதான். இதை 1807-இல் எழுதிக் கொடுத்த ஜோசஃப் ஃபூரியே அப்போது ஆல்ப்ஸ் மலையடிவாரத்துக் கிரெனோபிளில் அரசாங்க அதிகாரி, நம்ம ஊர்க் கணக்கில் அரசாங்க அதிபர் மாதிரி. ஃபைல் பார்த்த நேரம் போகக் கணிதம். லாக்ராஞ்ச் போன்ற பெரிய தலைகள் அந்தக் கணிதத்தை நம்பவில்லை, புத்தகமாக வர 1822 ஆகிவிட்டது.

சமன்பாட்டைத் தீர்த்தால் பகலும் இரவும் மண்ணுக்குள் அலையாக இறங்குவது தெரியும். ஈரமண்ணில் ஏறக்குறைய 12 சென்ரிமீற்றருக்கு ஒருதரம் அலை மூன்றில் ஒரு பங்கு சொச்சமாகச் சுருங்கும், கூடவே தாமதமும் ஆகும். ஒரு சாண் போவதற்குள் அலை ஏழில் ஒன்றாகிவிடும். மேலே மத்தியானம் அடித்த உச்ச வெயில் அங்கே போய்ச் சேர எட்டு மணித்தியாலம், அதாவது நாம் இராச்சாப்பாட்டுக்கு உட்காரும் நேரம்.

அப்புறம் ஒரு வர்க்கமூலம் வருகிறது, எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடமே அதுதான். மெதுவான அலை ஆழமாகப் போகும், ஆனால் நேரம் நான்கு மடங்கானால் ஆழம் இரண்டு மடங்குதான். வருடத்துக்கு 365 நாள், அதன் வர்க்கமூலம் 19 சொச்சம். ஆகவே கோடையும் குளிர்காலமும் இறங்குகிற ஆழம் பகலிரவு இறங்குவதைப்போல 19 மடங்கு. நமக்கு அந்த வருட அலையே இல்லாத மாதிரிதான், இங்கே ஒரே நாளின் விடியலுக்கும் மத்தியானத்துக்கும் உள்ள வித்தியாசம் மாதங்களுக்கு இடையில் இருப்பதைவிடக் கூட. நுவரெலியாவில் ஒரு மீற்றர் தோண்டினால் எந்த மாதமும் ஏறக்குறைய ஒரே சூடு.

ஆல்ப்ஸ் உச்சியில் உருகாமல் கிடக்கிற பனியாற்றில் அந்த அலை பெரியது. பனிக்கட்டி நம் ஈரமண்ணைவிட வேகமாக வெப்பத்தைக் கடத்தும், அதனால் 10 மீற்றர் ஆழத்தில் வருட அலை இருபதில் ஒன்றாகி அரை வருடம் பிந்திவிடுகிறது. யூலையில் மேலே ஆட்கள் வியர்வை துடைக்க, கீழே அப்போதுதான் சனவரி வந்து சேரும். இன்னும் கீழே போனால் வருடமும் அழிந்துபோய்ப் பத்தாண்டுகள், நூற்றாண்டுகளின் அலைதான் மிஞ்சும். அதனால்தான் துளை போட்டு வெப்பமானியை இறக்குகிறார்கள். கிரீன்லாந்தில் மூன்று கிலோமீற்றர் துளையில் இப்படி அளந்து, கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் அங்கே இன்றைக்கு இருப்பதைவிட 23 பாகை குளிர் என்று 1998-இல் கணித்தார்கள். சும்மா வந்த விடை இல்லை. பிளேன்டீயில் கரைந்த சீனியைப் பார்த்து அது எந்தப் பக்கம் விழுந்தது என்று சொல்வது மாதிரி வேலை, அளவில் சின்னப் பிழை இருந்தாலும் பின்னோக்கிப் போகப்போகப் பூதமாக வளரும், அதை அடக்கவே தனிக் கணிதம் வேண்டும்.

சரி, இதெல்லாம் பனி காய்ந்து கிடக்கும்வரைதான். மேற்பரப்பு உருகித் தண்ணீர் கசிந்து உள்ளே போனால் ஃபூரியேயின் பொறுமையான அலைகளுக்கு வேலையே இல்லை. ஒரு கிலோ தண்ணீர் உறையும்போது 334 கிலோயூல் வெப்பத்தை விட்டுவிடும், அது 160 கிலோ பனியை ஒரு பாகை சூடேற்றப் போதும். பனி உறையும் இரவுகளில் அப்பாயி வெயில் ஏறும்வரை லீக்ஸ் பாத்திக்கு விடாமல் தண்ணீர் தெளிப்பாரே, இலையைக் காப்பாற்றியது அந்தத் தண்ணீர் உறையும்போது விட்ட இதே சூடுதான். ஆல்ப்ஸில் செங்குத்துப் பாறையில் சில பனியாறுகள் உறைந்து ஒட்டிக்கொண்டுதான் தொங்குகின்றன. அடிப்பக்கம் 0 பாகைக்கு வந்தால் அந்த ஒட்டு விட்டுப்போகும்.