கோழிச் சந்தைக்கு ஒரு நாள் விடுமுறை

1997 மே மாதம் ஹாங்காங்கில் 3 வயதுச் சிறுவன் ஒருவன் கடுமையான காய்ச்சலில் இறந்தான். அவனிடமிருந்து எடுத்தது எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் என்று ஆகஸ்டில்தான் தெரிந்தது. கோழிகளைக் கொத்துக் கொத்தாகக் கொல்லும் அந்த வைரஸ் மனிதரைக் கொன்றதாக அதுவரை பதிவே இல்லை. அப்புறம் சில மாதங்கள் அமைதி. நவம்பரில் மறுபடி ஆரம்பித்தது. ஆண்டு முடிவதற்குள் மொத்தம் 18 பேருக்குத் தொற்று. அவர்களில் 6 பேர் பிழைக்கவில்லை.

வைரஸ் எங்கிருந்து வருகிறது? நோயாளிகளையும், அதே வயதில் அதே பகுதியில் நோய் இல்லாமல் இருந்தவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். கோழிக்கறி சாப்பிட்டதிலோ, சமைத்ததிலோ, வெளியூர் போய் வந்ததிலோ இரு தரப்புக்கும் குறிப்பிட்ட வித்தியாசம் இல்லை. ஒன்றே ஒன்றில் மட்டும் இருந்தது. நோயாளிகளில் பலர், காய்ச்சல் வருவதற்கு முந்தைய வாரத்தில் உயிருள்ள கோழி விற்கும் சந்தைக்குப் போயிருந்தார்கள். சந்தைக் கோழிகளைச் சோதித்தபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒரு கோழியிடம் எச்5என்1 இருந்தது.

நகரத்தில் பறவைக் காய்ச்சலைச் சமாளிப்பது என்றால் முதலில் சந்தையைச் சமாளிப்பதுதான். மருத்துவமனைப் படுக்கைகள் எவ்வளவு முக்கியமோ, அந்த ஈரத் தரையும் கம்பிக் கூண்டுகளும் அவ்வளவு முக்கியம். ஏன் என்று புரிய வைரஸைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும்.

பறவைக் காய்ச்சலைத் தருவதும் ஓர் இன்ஃப்ளுயன்சா, அதாவது ஃப்ளூ வைரஸ்தான். அது ஒரு செல்லுக்குள் நுழைய, செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஒருவகைச் சர்க்கரையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பறவைகளின் குடலில் இருக்கும் சர்க்கரை ஒரு விதமாக இணைந்திருக்கும். நம் மூக்கிலும் தொண்டையிலும் பெரும்பாலும் வேறு விதமாக. பறவை வைரஸின் கொக்கி பறவைக்குத்தான் பொருந்தும். அதனால் அது நம்மைச் சுலபமாகத் தொற்றுவதில்லை, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எளிதில் தாவுவதும் இல்லை. ஆனால் நம் நுரையீரலின் அடி ஆழத்தில் பறவை வகைச் சர்க்கரையும் உண்டு. நிறைய வைரஸ் கலந்த காற்றை ஒருவர் ஆழமாக இழுத்துவிட்டால் அது அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். தொற்றுவது அரிது, தொற்றினால் கடுமை என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அவ்வளவு வைரஸை ஒரே இடத்தில் சேர்த்துத் தருவது எது? நெருக்கி அடுக்கிய கூண்டுகள், எச்சம், இறகைப் பிடுங்கும்போது பறக்கும் நுண்துளிகள்.

தொற்றிய ஒரு கோழி ஓரிரு நாளில் செத்துவிடும். தனியாக விட்டால் வைரஸின் கதையும் அதோடு முடிந்துவிடும். சந்தையில் அப்படி முடிவதில்லை. இன்று விற்காமல் மிச்சமான கோழிகள் இருக்கும் இடத்துக்கே நாளை புதுக் கோழிகள் வந்து இறங்குகின்றன. பழையது புதியதற்குக் கொடுக்கிறது. புதியது அதற்கடுத்த நாள் வருவதற்குக் கொடுக்கிறது. வாத்தும் கூஸ் வாத்தும் பக்கத்துக் கூண்டில் இருந்தால் இன்னும் மோசம். அவற்றில் பல, நோயின் அறிகுறி எதுவும் காட்டாமலே வைரஸைச் சுமக்கும். விறகு தள்ளிக்கொண்டே இருக்கும் அடுப்பு அணையுமா?

அந்த அடுப்பை அணைக்க ஹாங்காங் எடுத்த முடிவு பெரியது. 1997 டிசம்பர் 29 முதல், சில நாட்களுக்குள், சுமார் 15 லட்சம் கோழிகளைக் கொன்றார்கள். சீனப் பெருநிலத்திலிருந்து கோழி வருவதும் நின்றது. அந்தத் தொடரில் அதன்பின் புதிய நோயாளி இல்லை.

நலமாக நிற்கும் கோழியையும் ஏன் கொல்ல வேண்டும் என்று கேட்பவர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது. அறிகுறி தெரிவதற்கு முன்பே கோழி வைரஸை வெளியேற்றத் தொடங்கிவிடும்; ஒவ்வொன்றையும் சோதித்து முடிப்பதற்குள் பக்கத்துக் கூண்டுக்கும் போய்விடும். அதனால்தான் நோய் கண்ட இடத்தைச் சுற்றி வட்டம் போட்டு, உள்வட்டத்தில் அழிப்பும் வெளிவட்டத்தில் கண்காணிப்பும் என்று பிரிக்கிறார்கள். இழப்பீடு கருணைக்காக மட்டும் கொடுப்பது அல்ல, அது நோய்த் தடுப்பின் ஓர் உறுப்பு. பணம் கிடைக்காது என்று தெரிந்தால் செத்த கோழியை யாரும் சொல்ல மாட்டார்கள். மிச்சமிருப்பதை இரவோடு இரவாக வேறு ஊருக்கு விற்றுவிடுவார்கள். நோயும் கூடவே வண்டி ஏறும்.

கழுவுவதிலும் ஒரு வரிசை இருக்கிறது. இந்த வைரஸின் வெளிப்புறம் கொழுப்பால் ஆன மெல்லிய உறை. சோப்பு நுரைக்கே அது கரைந்துவிடும். ஆனால் குளிர்ந்த, ஈரமான எச்சத்துக்குள் வாரக்கணக்கில் கூடத் தாக்குப்பிடிக்கும். அழுக்கின் மேல் ப்ளீச்சிங் கரைசலை ஊற்றினால் மருந்தின் வீரியம் அழுக்கிலேயே செலவாகிவிடும். ஆகவே முதலில் நனைத்துச் சுரண்டி எடுக்க வேண்டும். அப்புறம் சோப்பு, அப்புறம் நல்ல தண்ணீர், கடைசியாகத்தான் கிருமிநாசினி. பிறகு நன்றாகக் காய வேண்டும். காய்ந்த எச்சத்தை அப்படியே பெருக்கினால் தூசியாகக் கிளம்பி மூக்குக்கு வரும்.

கோழிகளை அழித்து, இடத்தைக் கழுவும் இந்த வேலையைச் செய்பவர்களைப் பற்றிப் பேச்சே குறைவாக இருப்பது எனக்கு வருத்தம். முகக்கவசம் எல்லோருக்கும் நினைவு வரும், கண்ணைக் காக்கும் கண்ணாடியை மறந்துவிடுவார்கள். 2003-இல் நெதர்லாந்தில் எச்7என்7 என்ற இன்னொரு பறவைக் காய்ச்சல் வைரஸ் பரவியபோது தொற்று உறுதியான 89 பேரில் பெரும்பாலானோருக்கு வந்தது கண் அழற்சி. ஒரு கால்நடை மருத்துவர் நுரையீரல் பாதித்து இறந்தார். இவர்களுக்குச் சாதாரண ஃப்ளூ தடுப்பூசியும் போடுவார்கள். அது பறவைக் காய்ச்சலைத் தடுக்காது, போடுவதற்குக் காரணம் வேறு. இந்த வைரஸின் மரபணு 8 தனித்தனித் துண்டுகளாக இருக்கிறது. மனித ஃப்ளூவும் பறவை ஃப்ளூவும் ஒரே ஆளின் ஒரே செல்லில் சந்தித்தால், துண்டுகள் கலந்து, மனிதருக்கு மனிதர் பரவக்கூடிய புது வைரஸ் உருவாக வாய்ப்பு உண்டு. அந்தச் சந்திப்பைத் தவிர்க்கத்தான் ஊசி. வேலை முடிந்த பிறகும் சுமார் 10 நாள் காய்ச்சலோ கண் சிவப்போ வருகிறதா என்று பார்ப்பார்கள். வந்தால் ஒசெல்டாமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. மற்றவர்களுக்குச் சொல்ல அதிகம் இல்லை: செத்த பறவையைத் தொடாமல் தகவல் கொடுங்கள், கறியையும் முட்டையையும் முழுக்க வேகவைத்துச் சாப்பிடுங்கள், பூனைக்குப் பச்சைக் கறி போடாதீர்கள்.

1997-இல் கோழிகள் செத்துக் காட்டிக்கொடுத்தன. 2013-இல் ஷாங்காய்ப் பகுதியில் தோன்றிய எச்7என்9 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் அந்த உதவியையும் செய்யவில்லை. கோழி துறுதுறுவென்று இருந்தது. நோய் வந்தது மனிதருக்குத்தான். ஏப்ரலில் ஷாங்காய், ஹாங்சோ, ஹூசோ, நான்ஜிங் நகரங்களில் உயிர்க்கோழிச் சந்தைகளை மூடினார்கள். தினசரிப் புதுத் தொற்றின் சராசரி 97 முதல் 99 சதவீதம் வரை குறைந்ததாகப் பின்னர் கணக்கிட்டார்கள். ஆனால் மூடிய சந்தைகள் மறுபடி திறக்க, நோயும் குளிர்காலங்களில் திரும்பியது. ஐந்து அலைகளில் 1,500-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்றியது. 2017 செப்டம்பரில் கோழிகளுக்குப் பெரிய அளவில் தடுப்பூசி போட்ட பிறகுதான் அது அடங்கியது.

சந்தையை என்றைக்கும் மூடியே வைக்க முடியாது. அதை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. ஹாங்காங் படிப்படியாக ஒரு நடுவழி கண்டுபிடித்தது. வாத்துகளையும் கூஸ் வாத்துகளையும் தனி இடத்தில் அறுக்க வைத்தார்கள். 2001-இல் மாதத்தில் ஒரு நாள் எல்லாக் கடைகளையும் காலி செய்து கழுவும் விடுமுறை வந்தது. 2003-இல் இரண்டு நாள். கோழிகளில் வழக்கமாகச் சுற்றும் எச்9என்2 வைரஸ், விடுமுறைக்குப் பிறகு குறைந்திருந்ததைச் சோதனையில் பார்த்தார்கள். மிச்சக் கோழிதான் மறுநாள் கோழிக்குக் கொடுக்கிறது என்பது இப்படி உறுதியானதும், 2008-இல் இரவுத் தங்கலையே தடை செய்தார்கள். இரவு 8 மணிக்குள் விற்காத கோழிகளை அறுத்துவிட வேண்டும். மறுநாள் காலை 5 மணி வரை கடையில் உயிரோடு ஒரு கோழி கூட இருக்கக் கூடாது.